முப்பத்தேழு மைல்: ஒரு மைனர் காரில் கொட்டாம்பட்டி வரை

பழைய கார் வைத்திருப்பவர்கள், அவற்றைப் பற்றி நான் எழுதுவதைப் படித்துவிட்டு, எனக்கு மின்னஞ்சலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஓட்டலாமா, ஓட்டாமல் பத்திரமாக நிறுத்தி வைக்கலாமா? இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால் முடிவதில்லை. அதனால் இந்த வருடம், 2008 ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவனியாபுரத்திலிருந்து கொட்டாம்பட்டிக்கு ஐம்பது வயது தாண்டிய கார் ஒன்றில் போய்வந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன். வழி, நேரம், செலவு எல்லாம் இருக்கிறது. கேட்டவர்களுக்கான பதிலும் இதற்குள் எங்கோ இருக்க வேண்டும்.

கார் என்னுடையது இல்லை. நான் ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தர், என் வசதிக்கு மொபெட்தான். கார் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் துளசிராம் அண்ணனுடையது. சௌராஷ்டிரக் குடும்பம். ஜவுளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர், வயது அறுபத்தாறு. அவருடைய அப்பா 1957-ல் வாங்கிய மாரிஸ் மைனர், 1956 மாடல், பால்கோவா நிறம். 1991-ல் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குக் கொடுத்தபோது, கூட்டத்தில் யாரோ வலது கதவில் சாவியால் ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். விரல் நீளம்கூட இருக்காது. அண்ணன் அன்று சாயங்காலமே வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு, நான்கு பக்கமும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர்தான். அதற்குப் பிறகு பதினேழு வருடம் அந்தச் சக்கரங்கள் தரையைத் தொடவில்லை.

ஓட்டாததோடு விட்டாரா என்றால் இல்லை. யாரும் உட்காரவும் கூடாது. சீட்டின் ரெக்ஸின் வெடித்துவிடுமாம். வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பார்கள். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அண்ணனின் மனைவி சாந்தா அக்கா காருக்குப் புது உறை தைப்பார். தறியிலிருந்து இறக்கிய காடாத்துணி, கஞ்சி அலசாதது. அலசினால் நெசவு தளர்ந்து தூசியை உள்ளே விட்டுவிடும் என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. ஓரத்தில் நீல நூலில் தையல் போட்டு, மாப்பிள்ளைச் சட்டை மாதிரி விறைப்பாக அந்த உறை நிற்கும். துணிக்காரர்கள் வீட்டில் போய் நாம் துணியைப் பற்றிப் பேச முடியுமா? மேலும் நான் டிவி ரிமோட்டுக்கே பாலிதீன் உறை மாட்டி ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறவன். அண்ணன் செய்வது நூற்றுக்கு நூறு சரி என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் சிக்கல் வேறு ரூபத்தில் வந்தது. பெங்களூரில் இருக்கும் அண்ணனின் மகன், கொட்டகையை இடித்து வாடகைக்கு இரண்டு அறை கட்டலாம் என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. "எங்க காலத்துக்கு அப்புறம் இது காயலான் கடைக்குத்தான் மாப்ள போகும்" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார். என்னை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார், உறவு ஒன்றும் கிடையாது. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் நாச்சியப்பன் சார் என்பவரை எனக்குத் தெரியும். பழைய கார்களைச் சேர்த்துத் தனிக் கூடம் கட்டி வைத்திருப்பவர். அவரிடம் சொன்னேன். நவம்பரில் வந்து பார்த்தார். மீட்டரில் 31,206 மைல் என்று பார்த்ததும் அவர் கண் விரிந்துவிட்டது. அவர் சொன்ன தொகையை இங்கே எழுதவில்லை. ஒரு கல்யாணத்தைத் தாராளமாக நடத்தலாம். "ஒரு மைல்கூட ஓட்டிராதீங்க. நானே லாரி அனுப்பி ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். வண்டிக்கு நல்ல இடம் கிடைக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நானும் சொன்னேன். அப்போதுதான், காப்பி கொண்டுவந்த சாந்தா அக்கா தட்டை வைத்துவிட்டு நின்றார்.

"குடுக்குறதுன்னா குடுங்க, நான் வேணாங்கலை. ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அதுல ஒக்காந்து போகணும். கல்யாணத்தன்னைக்குப் பரமக்குடியில இருந்து அதுலதான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க. இப்பத் தொடைக்க மட்டுந்தான் தொடுறேன்."

அண்ணன் நன்றாக மாட்டிக்கொண்டார். ஓட்டினால் சார் கேட்டது கெடும், ஓட்டாவிட்டால் அக்கா கேட்டது நடக்காது. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "லாரி வேணாம் மாப்ள, நானே ஓட்டிட்டுப் போயி விட்டுட்டு வாரேன். சாந்தா முன்னாடி ஒக்காரட்டும். நீயும் வா, பஸ்ஸுல திரும்பிருவோம்" என்றார். சாருக்குச் சொல்லியாயிற்றா என்றேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

மெக்கானிக் சிக்கந்தர் பாயின் பட்டறை எங்கள் தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டர். பழைய அம்பாசடர் வேலை அவருக்கு அத்துப்படி. கொட்டகைக்கே வந்து பார்த்தார். பத்திரமாக நின்ற வண்டி, பேட்டரி போட்டால் கிளம்பிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பாய் ஒரு மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நின்னே கெட்டுப் போயிருக்குண்ணே. பிரேக்கு நாலு வீல்லயும் புடிச்சுக்கிருச்சு. டாங்க்குக்குள்ள பூரா துரு. ஓட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா இதுல பாதி வந்துருக்காது" என்றார். பிறகு டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு பந்தை எடுத்து நீட்டினார். எலிக்கூடு. பொடிப்பொடியாகக் கடித்த வெள்ளைத் துணி, நடுவில் நீல நூல்.

"கஞ்சி வாசத்துக்கு வந்துருக்கு. அந்தக் காலத்து வயருக்கு மேல சுத்தியிருக்கறதும் நூலு. துணியைத் தின்ன வாயில வயரையும் ஒரு கை பாத்துருச்சு" என்றார் பாய்.

அண்ணன் அந்தப் பந்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாய் கிளம்பியதும், "சாந்தாகிட்டச் சொல்லிராத மாப்ள. பதினேழு ஒறை தச்சிருக்கா" என்றார். எலி எங்கிருந்தோ வந்ததாம் என்று மட்டும் வீட்டில் சொல்லிக்கொண்டோம். வேலை முடிய இருபத்து நான்கு நாள், டயரோடு சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.

அந்த ஞாயிறு காலை 6:10-க்குக் கிளம்பினோம். அக்கா அரக்கு நிறப் பட்டுப்புடவை, மடியில் புளியோதரை டப்பா. முன் சீட்டில் உட்காருவதற்கு முன் கதவைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றார். "ஒக்காரு, சீட்டு ஒண்ணும் கடிக்காது" என்றார் அண்ணன். பதினேழு வருடம் யாரையும் உட்காரவிடாத மனிதர் பேசுகிற பேச்சா இது! நான் பின்னால், முழங்காலைத் தாடையில் முட்டிக்கொண்டு.

விமான நிலைய ரோட்டில் வந்து ரிங் ரோட்டில் திரும்பும் இடத்தில் முதல் வேடிக்கை. மைனரில் இண்டிகேட்டர் என்பது மினுக்குகிற விளக்கு இல்லை. கதவோரத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை வெளியே நீளும். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து கத்தினார். "பெருசு, சைடுல என்னமோ பிச்சுக்கிட்டு நிக்கிது, பாத்துப் போங்க!" அண்ணன் கையை உள்ளே இழுத்து, மறுபடி நீட்டிக் காட்டினார். ஆட்டோவில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் எதிரி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்.

ரிங் ரோட்டில் சுங்கம் பத்து ரூபாய். விரகனூர் தாண்டி, பாண்டி கோயில் தாண்டி, மாட்டுத்தாவணி வந்தபோது 6:50. ஊருக்குள் புகுந்து போனால் கிலோமீட்டர் குறையும், ஆனால் பழைய காருக்கு நிறுத்தி நிறுத்திப் போவதுதான் ஆகாது, இன்ஜின் சூடாகும். மல்லிகை மூட்டைகளோடு குறுக்கே வந்த வண்டிகளுக்கு வழிவிட்டு, திருச்சி ரோட்டைப் பிடித்தோம். ஒத்தக்கடை வரும்போது யானைமலை மேல் வெயில் ஏறியிருந்தது. நான்கு வழிச் சாலை வேலை நடப்பதால் அங்கங்கே மண் ரோட்டில் இறக்கி ஏற்றுகிறார்கள். மணிக்கு முப்பது மைல், அதாவது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அண்ணன் போகவில்லை. பின்னால் வந்த கிரானைட் லாரிகள் ஆரன் அடித்தே எங்களை வாழ்த்திவிட்டுப் போயின.

மேலூருக்கு நான்கு மைல் இருக்கும்போது வண்டி இரண்டு தரம் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. மணி 7:28. இருபக்கமும் அறுப்பு முடிந்த வயல், ஒரு மரம்கூடப் பக்கத்தில் இல்லை. சாரிடம் லாரி அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எதிரே வந்த கல் லாரி ஒன்று ஓரங்கட்டி நின்று, டிரைவர் இறங்கி வந்தார்.

"என்னண்ணே, தள்ளிவிடவா? நாலு பேரு இருக்கோம்."

"தள்ள வேணாம்ப்பா. தட்டுனாப் போதும்" என்றார் அண்ணன்.

பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஸ்பேனரின் பின்பக்கத்தால் லேசாக இரண்டு தட்டு. உள்ளே ஏதோ 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தப் பம்ப்பின் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளுமாம், பழைய நோய்தான். பதினேழு வருடம் கழித்தும் எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு தட்ட வேண்டும் என்று அவர் கைக்கு ஞாபகம் இருந்தது. வண்டி கிளம்பியது.

"எங்க லாரியும் ரெண்டு தட்டுல ஓடுனா எம்புட்டு நல்லாருக்கும்" என்று டிரைவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். "இவருக்கும் அப்பிடித்தான் தம்பி, அப்பப்பத் தட்டணும்" என்றார் அக்கா. அண்ணன் சத்தமாகச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மொத்தம் பன்னிரண்டு நிமிடம் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு ஓட்டியவர் வேறு ஆள். வலது முழங்கை ஜன்னல் மேல் ஏறியது. பெரியாறு கால்வாய் ஓரம் போகும்போது வேகத்தைக் குறைத்து, தண்ணீரைப் பாரு என்று அக்காவுக்குக் காட்டினார். இருவரும் அவர்கள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகவே புரிந்தது.

மேலூரில் 7:55-க்கு டீ. மூன்று டீ, இரண்டு வடை, பதினைந்து ரூபாய். கார் நின்ற ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடியைத் தொடுகிறவர், டயரை உதைத்துப் பார்க்கிறவர், விலை கேட்கிறவர். ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் டீ கிளாஸைப் பானெட் மேல் வைத்துவிட்டார். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கோட்டுக்காகப் பதினேழு வருடம் நிறுத்தியவர் ஆயிற்றே. அக்கா போய் கிளாஸை எடுத்து, முந்தானையால் அந்த வட்டத்தைத் துடைத்தார். அந்த மனிதர் பதறி, "மன்னிச்சுக்கங்கண்ணே, கவனிக்கலை" என்றார். அண்ணன் கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்தார். "பரவால்ல, குடிங்க" என்றார்.

கொட்டாம்பட்டியில் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் பண்ணை. போய்ச் சேர்ந்தபோது மணி 9:05, மீட்டர் 31,243. முப்பத்தேழு மைல், சுமார் அறுபது கிலோமீட்டர். நாச்சியப்பன் சார் வாசலில் நின்றிருந்தார். ஞாயிறு வருகிறோம் என்று மட்டும் போனில் சொல்லியிருந்ததால் லாரிக்குத் தேதி சொல்லத்தான் வருகிறோம் என்று நினைத்திருந்தவர், காரே உள்ளே வருவதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் மரியாதை தெரிந்தவர். முதலில் மோர் கொடுத்தார், பிறகுதான் கூடத்தைத் திறந்தார்.

கூடம் பிரமாதம். ஓடு வேய்ந்து, தரையில் கடப்பைக் கல் பாவி, பதினோரு கார். ஒன்றிலும் தூசி இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி, யாரும் தொடாதபடி கயிறு. இங்கே நான் அவர் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படிக்கிற பலரும் அந்தப் பக்கம்தான் இருப்பீர்கள். பன்னிரண்டாவதாக ஒரு கார் இருந்ததாம். தம்பி ஆசைப்பட்டான் என்று சாவியைக் கொடுத்தார், புளியமரத்தில் மோதிவிட்டான். "அவனுக்கு ஒண்ணும் ஆகலை, முருகன் புண்ணியம். ஆனா அந்த மாதிரி வண்டி நம்ம பக்கத்துல வேற கிடையாது. இப்ப போட்டோ மட்டும்தான் இருக்கு. ஓட்டுனா உங்களுக்குச் சந்தோஷம். இங்க நின்னா நூறு பேரு வந்து பாப்பாங்க, எங்க காலத்துக்கு அப்புறமும் பாப்பாங்க" என்றார். பொய் இல்லாத பேச்சு. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

வண்டியை எப்படிப் பராமரிப்பேன் என்று அக்காவிடம் சார் விளக்கினார். மாதம் ஒரு தரம் என்ன செய்வார், மழைக்காலத்தில் என்ன செய்வார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனவர், "தொவைச்சு வெளுத்த துணியிலதான் ஒறை போடுவேன். கஞ்சித் துணியைக் கிட்டவே சேர்க்க மாட்டேன். எலி வந்துச்சுன்னா வயரு பூராப் போயிரும்" என்றார். அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். அவருக்கு எங்கள் கதை தெரியாது.

அக்கா அண்ணனிடம் அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை கேட்டார். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிக்கத்தான் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா தம்பி, பதினேழு வருசமா நான் எலிக்குச் சோறு போட்டுருக்கேன்."

"ஒம்மேல தப்பு இல்ல. நீ தச்சது தப்பு இல்ல" என்றார் அண்ணன். "அதை நிப்பாட்டுனது நான். ஒன்னை ஏத்தாம வச்சதும் நான்." அவர்கள் இருவருக்கும் இடையில் தமிழ் தேவையே இல்லை. எங்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்றே தமிழில் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த வண்டி கயிற்றுக்குள் போகட்டும் என்று முதலில் வழி காட்டியவனே நான்தான்.

நாச்சியப்பன் சார் நிலைமையைப் புரிந்துகொண்டு பேச்சை மாற்றினார். கார் பக்கம் போய் மீட்டரைக் குனிந்து பார்த்து, "முப்பத்தேழு மைல் ஏறிருச்சே. வர்றப்ப மீட்டர் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டியிருக்கலாமே, எல்லாரும் அப்பிடித்தான் செய்வாங்க. சரி, விடுங்க. எனக்கு ஒரு ஆளு இருக்காரு, பழையபடி 31,206-க்கே திருப்பி வச்சிருவாரு" என்றார். உதவியாகத்தான் சொன்னார். பழைய கார் உலகத்தில் இது சாதாரணம் என்று எனக்கும் தெரியும்.

அண்ணன் நிமிர்ந்தார்.

"திருப்பி வைக்கிறதா? எதுக்குங்க?"

"மைலு கம்மியா இருந்தாத்தானே மதிப்பு."

"இவ ஒக்காந்து வந்த முப்பத்தேழு மைலு அது. ஓடுனதை ஓடலைன்னு எப்பிடிங்க எழுதுறது?" அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "மன்னிச்சுக்கங்க சார். உங்களுக்கு வீண் அலைச்சல். வண்டியை நான் எடுத்துட்டுப் போறேன்."

சார் கோபப்படவில்லை. அண்ணனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். இறுதியில், எப்போதாவது மனசு மாறினால் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி, தோட்டத்துக் கொய்யா ஒரு பை கொடுத்து அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கூடத்தில் அந்தப் பதினோரு காரும் இருப்பது நமக்கெல்லாம் நல்லதுதான்.

11:15-க்குக் கிளம்பினோம். பஸ்ஸில் திரும்பலாம் என்று சொல்லி அழைத்துவந்தவர், விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார். சாலையோரப் புளியமர நிழலில் புளியோதரையும் கொய்யாவும் சாப்பிட்டோம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பம்ப் இன்னொரு தரம் ஒத்தக்கடைக்கு முன்னால் மக்கர் செய்தது. இந்த முறை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கியது அக்கா. பெரிய அடியாகப் போட்டுவிட்டார், ஆனாலும் ஓடியது. அவனியாபுரம் வந்தபோது 1:50. போக வர நூற்று இருபது கிலோமீட்டருக்கு ஒன்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டர் நாற்பத்தெட்டு ரூபாய்ச் சொச்சம் என்றால் பெட்ரோல் நானூற்று முப்பது, சுங்கம் இரண்டு தரம் சேர்த்து இருபது. மகனிடம் இரண்டு அறைக்குப் பதில் ஒன்று கட்டிக்கொள் என்று அன்றைக்கே அண்ணன் போனில் சொல்லிவிட்டார்.

இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயம். நின்ற வண்டியை நேராக ரோட்டில் ஏற்றாதீர்கள். பிரேக், டாங்க், டயர் மூன்றையும் முடித்துவிட்டு, தெருவுக்குள்ளேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பம்ப் பாயிண்ட் ஒரு செட், பத்தடி வயர், ஐந்து லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். மேலூர் வரை மண் ரோடு இருப்பதால் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவது நல்லது, எட்டுக்கு மேல் கல் லாரிகள் அதிகம். வண்டி வீட்டில் நிற்கும்போது பருத்தி உறை போடுவதாக இருந்தால் நன்றாக அலசிய துணியாகப் போடுங்கள். பழைய காரைச் சந்தை வாசல், பஸ் நிறுத்தம், டிப்பர் திரும்பும் இடங்களில் நிறுத்தாதீர்கள். இந்தக் கடைசி விஷயத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அதனால்தான் இந்தக் கட்டுரையே இத்தனை மாதம் தாமதம்.

ஜனவரிக்குப் பிறகு அண்ணனும் அக்காவும் ஞாயிறு தவறாமல் கிளம்பிவிடுவார்கள். பயணம் நல்லபடியாக நடக்கிறது என்று எழுதி முடிக்க நானும் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் உசிலம்பட்டியில் சந்தை வாசலில் காரை நிறுத்திவிட்டு இருவரும் கத்திரிக்காய் வாங்கப் போயிருக்கிறார்கள். ரிவர்ஸ் எடுத்த மினி லாரி ஒன்று பார்க்காமல் முன்பக்கம் ஏறிவிட்டது. யாரும் உள்ளே இல்லை, நல்லவேளை. ஆனால் இடது பாதி நசுங்கி, விளக்கு உடைந்து, கிரில் வளைந்துவிட்டது. அந்தக் கிரில் இங்கே எங்கும் கிடைக்கவில்லை. நாச்சியப்பன் சார் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

சிக்கந்தர் பாயின் பட்டறையில் அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. கொடுக்கவும் சொன்னேன், ஓட்டியபோது கூடவும் போனேன், இரண்டுக்கும் நான் சாட்சி. அண்ணன் நசுங்கிய மட்கார்டின் மேல் கை வைத்தபடி நின்றார். அன்றைக்கே கொடுத்திருக்கலாமோ அண்ணே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அண்ணன் வாயைத் திறக்கும் முன்னால் சாந்தா அக்கா சொன்னார்.

"குடுத்துருந்தா அது நல்லா இருந்துருக்கும் தம்பி. நாங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்துருப்போம்." பிறகு பாய் பக்கம் திரும்பினார். "எப்பிடியாச்சும் தட்டி எடுத்துக் குடுங்க பாய், கோணலா இருந்தாலும் பரவால்ல. வைகை அணையை நான் இன்னும் பாக்கலை."